ஏழு குழி டார்ச்

இப்போதெல்லாம் எவன் வீட்டிலும் டார்ச் லைட் கிடையாது. கேட்டால் போனைத் தூக்கிக் காட்டுகிறான். "இதுலயே லைட் இருக்கு பெருசு!" என்கிறான். அந்த வெளிச்சத்தில் கட்டிலுக்கு அடியில் விழுந்த சாவியைத் தேடலாம். மலைக்குள் போகலாமா? போகிறான்! பகல் முழுக்கப் பேச்சு, பாட்டு, படம் என்று அதன் உயிரை உறிஞ்சிவிட்டு, மிச்சம் கிடக்கிற கொஞ்சத்தை நம்பி இருட்டுக்குள் கால் வைக்கிறான். செருப்பு அறுந்தால் கம்பி சுற்றிப் போட்டுக்கொள்வான். போன் மட்டும் புதுசு வேண்டும்.

அப்படிப் போனவன்தான் ஜெயசீலன்.

எங்கள் கொளப்பாறைத் தேயிலைத் தோட்டம் பந்தலூருக்கு மேலே இருக்கிறது. மேகம் வந்து வாசலில் படுத்துக்கொள்கிற ஊர். ஜெயசீலன் அங்கே நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிறவன். அடுத்த மாதம் கல்யாணம். டீக்கடையில் நின்று சவால் விட்டான்.

"என் பொண்டாட்டிக்கு இந்த மலைத் தங்கத்துலதான் தாலி! கடைத் தங்கம் வேணாம்!"

தோட்டத்துக்குப் பின்னால் துரைப் பொடவு என்று ஒரு சுரங்கம் உண்டு. வெள்ளைக்காரன் தங்கம் எடுக்கிறேன் என்று மலையைக் குடைந்தான். கிடைத்ததைவிடச் செலவு அதிகமாகிப் போட்டுவிட்டுப் போனான். கடைசித் துரை ஓர் இரும்புப் பெட்டியை உள்ளேயே விட்டுப் போனான் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் நம்புவதில்லை. ஓடுகிறவன் பெட்டியையா விட்டுவிட்டு ஓடுவான்?

பொடவுக்குள் போக எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செருப்பை வாசலில் கழற்றிப் போட வேண்டும். உள்ளே முனி இருக்கிறது என்பதற்காக யாரோ ஆரம்பித்தது. ஆனால் அதில் ஒரு நல்லது இருக்கிறது. வாசலில் ஒரு ஜோடி கிடந்தால் உள்ளே ஓர் ஆள். விறகுக்குப் போகிறவர்கள் பார்த்தால் நின்று குரல் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு வந்து சொல்லுவார்கள். வெளியே வந்தவன் மாட்டிக்கொண்டு போய்விடுவான். இத்தனை காலமும் அது தவறியதில்லை.

இந்தத் தடவை தவறியது. ஒரு நாயால்!

அன்று காலையில் நான் சந்திரபோஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். போஸ் மிக்ஸி, டிவி, மருந்தடிக்கிற மெஷின் எல்லாம் பழுது பார்க்கிறவன். என்னுடைய ரெண்டு பேட்டரிக் கட்டை டார்ச்சுக்கு சுவிட்ச் போய்விட்டது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"இதக் காயலான் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான் பெருசு. உள்ள பாரு, துரு பொங்கல் வெச்சிருக்கு."

"நீ சுவிட்ச மாத்து. பொங்கல நான் தின்னுக்கிறேன்."

அப்போது தவமணி ஓடி வந்தாள். ஜெயசீலனின் அக்கா. கொழுந்து எடுக்கிறவள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு நீலச் செருப்பு.

"போஸு! இத நாய் கொண்டாந்து வாசல்ல போட்டுச்சு. நம்ம லயத்து நாய், கேப்டன். இது சீலனுதா பாரு!"

போஸ் வாங்கிப் பார்த்தான். வாரில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது.

"அவனுதுதான்க்கா. நான்தான் கம்பி சுத்திக் குடுத்தேன். ஜவுளி எடுக்கக் கூடலூர் போயிருக்கான்னு சொன்னியே?"

"நேத்து மத்தியானம் அப்படித்தான் சொல்லிட்டுப் போனான். மழைல ரோடு போச்சுல்ல, அங்கயே தங்கிட்டான்னு இருந்தேன். ஒத்தச் செருப்போடயா கூடலூர் போவான்?"

முதல் நாள் சாயங்காலம் விறகுக்குப் போன பெண்கள் டீக்கடையில் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. பொடவு வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்ததாம். எவனோ அறுந்ததை வீசிவிட்டுப் போயிருக்கிறான் என்று தாண்டி வந்துவிட்டார்களாம். ஜோடியாகக் கிடந்திருந்தால் குரல் கொடுத்திருப்பார்கள். ஒற்றையாகக் கிடந்ததால் குப்பை!

சொன்னேன். தவமணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தாள்.

"நேத்து மத்தியானத்துலருந்து உள்ள கெடக்கான் பெரியப்பா!"

போஸ் மேட்டுக்கு ஓடிப்போய் சிக்னல் பிடித்துத் தீயணைப்புக்குப் பேசினான். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது.

"மண் சரிஞ்சு ரோடு மூடிருச்சாம். வண்டி வராது. நடந்து வர்றாங்களாம். சாயங்காலம் ஆயிரும்."

சாயங்காலமா! மழை விட்டபாடில்லை. பொடவுக்குள் கூடம் ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பால் ஆழமான குழிகள். மழை பெய்தால் அவை மெல்ல நிறையும். சின்ன வயதில் காய்கறித் தோட்டத்து எருவுக்காக வவ்வால் புழுக்கை அள்ளக் கூடம் வரைக்கும் போயிருக்கிறேன். ஒரு தடவை இடுப்பளவு தண்ணீரில் திரும்பி வந்தோம். அதற்கு அப்புறம் யார் கூப்பிட்டும் போகவில்லை.

"நான் போறேன்," என்றாள் தவமணி.

"எத வெச்சு? போன் லைட்ட வெச்சா?" என்றேன். "அதுதான் அவன உள்ள தள்ளுச்சு."

போஸ் மேஜையை வெறித்துப் பார்த்தான். திடீரென்று குதித்தான்.

"யானை சாச்ச கம்பம்!"

ரோட்டு வளைவில் ஒரு சோலார் விளக்குக் கம்பம் உண்டு. யானை முதுகு சொறிந்து அதைச் சாய்த்து வெகுநாள் ஆகிறது. எடுக்க ஒருத்தரும் வரவில்லை. ஓடையில் முகம் குப்புறக் கிடந்தது. கேட்டு வாங்க அங்கே யார் இருக்கிறார்கள்? போஸ் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினான். விளக்கின் தலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"சர்க்கார் சாமானு," என்றேன்.

"ஆளக் காப்பாத்திட்டுத் திருப்பிக் குடுத்துருவோம்."

இவன் எதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்!

உள்ளே சின்னச் சின்ன எல்இடி, மஞ்சள் பொட்டு மாதிரி வரிசையாக இருந்தன. போஸ் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பாதிக்கு மேல் செத்திருந்தன. ஏழு மட்டும் கண் திறந்தன. கடையில் ஒரு மருந்தடிக்கிற மெஷின் பழுதுக்கு வந்திருந்தது. அதன் வயிற்றைப் பிளந்து பேட்டரியை எடுத்தான். நல்ல பேட்டரி. மெஷினில் மோட்டார்தான் கெட்டிருந்தது.

"இப்ப இத எதுலயாவது உக்கார வெக்கணும்க்கா. அலுமினியம் வேணும். இந்த எல்இடி தம்மாத்தூண்டுதான், ஆனா சூடு பயங்கரம். சூடு எறங்க எடமில்லேன்னா தானே வெந்து செத்துரும்."

"அலுமினியம்தானே!"

தவமணி பறந்தாள். வந்தபோது ஒரு கையில் ஜெயசீலனின் மரமேறுகிற கயிறு. இன்னொரு கையில் இட்லித் தட்டு! துணி போட்டு ஊற்றுகிற பெரிய தட்டு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, மொத்தம் ஏழு குழி. சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"அவன் மொதச் சம்பளத்துல எனக்கு வாங்கிக் குடுத்தது," என்றாள். போஸ் கையில் கொடுத்தாள்.

போஸ் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண்ணே எல்இடி மாதிரி ஆனது.

"அக்கா! குழி கிண்ணமாட்டம் இருக்கு. வெளிச்சத்த மொத்தமா முன்னாடி தள்ளும். ஓட்டையும் இருக்கு, ஒயரு பின்னாடி போயிரும். சூடு எறங்கத் தட்டு முழுக்க எடம்! கடையில காசு குடுத்தாலும் இப்படிக் கெடைக்காது!"

"பேசாம செய்யுடா!"

செய்தான். குழிக்கு ஓர் எல்இடி. அடியில், சூடு இறங்க டிவிக்குள் தடவுகிற வெள்ளைப் பசை. மேலே குட்டித் திருகாணி. ஓரத்து ஆறையும் மூன்று மூன்றாகச் சேர்த்து இரண்டு கோஷ்டி ஆக்கினான். ஒவ்வொரு கோஷ்டிக்கும் கரண்டை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர். ஏழாவது தனியாக நின்றது. அவசரத்தில் அதை நேராகப் பேட்டரியில் கொடுத்தான்.

டப்! ஒரு கீற்றுப் புகை. ஏழாவது போயே போனது.

"கெளம்புறதுக்கு முன்னாடியே ஒரு கண்ணு அவுட்டு," என்றேன்.

"பன்னெண்டு வோல்ட் பெருசு. மூணு பேரு பங்கு போட்டுத் தூக்குற சுமை. ஒருத்தன் தலையில வெச்சுட்டேன். போகட்டும், ஆறு போதும்."

நடுக்குழியில் போல்ட் முடுக்கிக் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தியின் மரப் பிடியை மாட்டினான். பின்பக்கத்து ஒயர்களின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டினான். கடை வாசலில் நின்று சுவிட்சைத் தட்டினான்.

அடேயப்பா! எதிர்க் காட்டில் பகலிலேயே பகல் விழுந்தது. கேப்டன் நாய் இரண்டு எகிறு எகிறி ஓடிப்போய்க் குரைத்தது.

"எப்படி?" என்றான் போஸ்.

"கண்ணு கூசுது. கூசுறதெல்லாம் வெளிச்சமா? என் டார்ச்ச மூட்டிக் குடு, நானும் வர்றேன்."

"நீயா!"

"கூடம் வரைக்கும் வழி எனக்குத்தான் தெரியும். உன் இட்லித் தட்டுக்குத் தெரியுமா?"

பொடவு வாசலில் அந்த இன்னொரு நீலச் செருப்பு மழையில் நனைந்து கிடந்தது. உள்ளிருந்து வருகிற ஓடைத் தண்ணீர் கலங்கலாக இருந்தது. மூன்று பேரும் செருப்பைக் கழற்றினோம். தவமணி எல்லாவற்றையும் சேர்த்துச் சணலில் கோத்துப் புதரில் உயரமாகக் கட்டினாள். நாயைப் பார்த்து, "தொட்டுப் பாரு இப்ப!" என்றாள்.

பேட்டரியைக் கொழுந்துப் பையில் போட்டு அவள் முதுகில் மாட்டிக்கொண்டாள். தட்டையும் அவளே பிடித்தாள். போஸ் கேட்டும் கொடுக்கவில்லை.

உள்ளே நுழைந்தோம். குனிந்து போகிற வழி. காலடியில் பழைய தண்டவாளம். கணுக்கால் தண்ணீர் ஐஸ் மாதிரி கடித்தது. ஆறு எல்இடியும் சுவரை வெளுத்துக் காட்டின. உளி பட்ட தடமெல்லாம் தெரிந்தது. வவ்வால்கள் கூட்டமாகக் கிளம்பித் தலைக்கு மேல் பாய்ந்தன! போஸ் அலறிக்கொண்டு என் முதுகைப் பிடித்தான்.

"விடுடா, வேட்டிய உருவாத!"

"சீலா!" என்று தவமணி கூப்பிட்டாள். மலை அவள் குரலைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. அவன் குரல் வரவில்லை.

கூடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டோம். கூடம் முழுக்க மூடுபனி! வெளியிலிருந்து வந்த ஈரக் காற்று உள்ளே குளிர்ந்து மூட்டமாக நின்றது. தவமணி தட்டைத் தூக்கிப் பிடித்தாள். அவ்வளவுதான். எதிரே வெள்ளைச் சுவர். சுண்ணாம்பு அடித்த மாதிரி. ஒன்றும் தெரியவில்லை. என் கை எனக்குத் தெரியவில்லை.

"இன்னும் தூக்கிப் பிடிக்கா!" என்றான் போஸ். தூக்கினாள். இன்னும் வெள்ளையானது.

"பாத்தியா?" என்றேன். "இத்தன வெளிச்சமும் நம்ம மூஞ்சிக்கே திரும்பி வருது. எங்க கால வெக்கிறது? முன்னாடி குழி இருக்கு!"

போஸ் தட்டின் ஒயரைத் தடவித் தடவிப் பார்த்தான். செய்தவன் அவன்தான். தவமணி பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள். கால் வழுக்கியது. தடாலென்று உட்கார்ந்தாள். தட்டு கையிலிருந்து நழுவித் தரையில் சாய்ந்து விழுந்தது.

"ஒடஞ்சுதா?"

உடையவில்லை. தரையோடு தரையாகக் கிடந்து எரிந்தது. அப்போது பார்த்தோம். மூட்டம் மேலே மிதந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் வெளிச்சம் பாய் விரித்த மாதிரி நீளமாக ஓடியது! கூடத்தின் அந்தப் பக்கம் வரை தெரிந்தது!

"ஜீப்பு!" என்று கத்தினான் போஸ். "பனி வெளக்க ஜீப்புல எங்க வெக்கிறான்? பம்பருக்குக் கீழ! நம்ம கண்ணுக்கிட்ட வெச்சா கண்ணையே குத்தும். கீழ பிடிக்கா, முழங்காலுக்குக் கீழ!"

தவமணி எழவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா... இங்க பாருங்க."

சாய்ந்த வெளிச்சத்தில் சேற்றின் ஒவ்வொரு மேடும் நிழல் போட்டது. மேலே இருந்து அடித்தபோது வெறும் சேறு. இப்போது அதில் கால் தடம்! வெறுங்கால், ஐந்து விரலும் பதிந்த தடம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவனுடைய தடம். கூடத்தின் இடது மூலையைப் பார்த்துப் போனது.

குனிந்துகொண்டே தொடர்ந்தோம். இடுப்பு ஒடிந்தது. தடம் ஒரு குறுகலான வழியில் திரும்பியது. அங்கே ஒரு பெரிய குழி. குறுக்கே ஒரு பழைய பலகைப் பாலம். நடுவில் புதிதாக முறிந்திருந்தது. குழிக்கு அந்தப் பக்கம், பாறை விளிம்பில், சதுரமாக என்னவோ இருந்தது.

இரும்புப் பெட்டி!

போஸ் வாயைப் பிளந்தான். "பெருசு... பெட்டி! நெசமாவே இருக்கு!"

"தம்பி கீழ கெடக்கான், உனக்குப் பெட்டி கேக்குதா!" தவமணி அவன் தலையில் ஒன்று போட்டாள். குப்புறப் படுத்துத் தட்டைக் குழிக்குள் நீட்டினாள். "சீலா! டேய் சீலா!"

கீழே தண்ணீர் கறுப்பாக மின்னியது. அதில் ஒரு தலை. நெஞ்சு வரை தண்ணீர். ஒரு மரத் தூலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணை இடுக்கி மேலே பார்த்தான். அப்புறம் ஈனக் குரலில் கேட்டான்.

"அக்கா... அது நம்ம வீட்டு இட்லித் தட்டா?"

தவமணி சிரித்தாள். கண்ணீர் மூக்கு வழியாகக் குழிக்குள் சொட்டியது.

"ஆமாடா எரும! ஏறி வா, உன்னையும் அதுலயே வேக வெக்கிறேன்!"

"கால் ஒடஞ்சிருச்சுக்கா. காலைலருந்து தண்ணி ஏறுது. போனு கீழ போச்சு."

போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எடை குறைந்தவள் தவமணிதான். அவள்தான் இறங்க வேண்டும். தட்டும் அவளோடு இறங்க வேண்டும். அப்படியானால் மேலே எங்களுக்கு? என் ரெண்டு கட்டையைத் தட்டினேன். எரியவில்லை. உள்ளங்கையில் ஓங்கி அடித்தேன். மஞ்சளாக விழித்தது. அதைப் பாறை இடுக்கில் செருகினேன். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில்தான் கயிற்றைக் குழியோரம் வரை வந்திருந்த தண்டவாளத்தில் சுற்றிப் பிடித்தோம். இதை எழுதிவிட்டேன், ஏனென்றால் வேறு எவனும் சொல்ல மாட்டான்.

தவமணி இறங்கினாள். வெளிச்சம் அவளோடு ஆழத்துக்குப் போனது. தண்ணீரில் இறங்குகிற சத்தம். அப்புறம் ஒரு 'சர்ர்'!

பாதி இருண்டது!

"போஸு! மூணு அணஞ்சிருச்சு!"

"மீதி மூணு?"

"எரியுது!"

"பயப்படாத! ரெண்டு கோஷ்டின்னு அதுக்குத்தான் பிரிச்சேன்! ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும். தண்ணில படாம தூக்கிப் பிடி!"

"செய்யும்போது சொல்லவே இல்ல?" என்றேன்.

"நீ கேக்கவே இல்ல!"

கீழே ஜெயசீலன் கயிற்றைத் தானே வாங்கிக்கொண்டான். "மரமேறி முடிச்சு நான் போடுறேன், நீ போட்டா அவுந்துரும்," என்றானாம். அந்த நிலைமையிலும் வாய்! நானும் போஸும் பாறையில் காலை உதைத்து இழுத்தோம். கயிறு தண்டவாளத்தில் உராய்ந்து முனகியது. கை தோல் உரிந்தது. ஒரு இழு, ஒரு பிடி. ஒரு இழு, ஒரு பிடி. அவன் தலை விளிம்புக்கு வந்தபோது போஸ் அவன் சட்டையைப் பற்றி மீனைப் போல வெளியே வீசினான்.

அடுத்தது தவமணி. கயிற்றைக் கீழே போட்டோம். தண்ணீர் அதற்குள் அவள் கழுத்துக்கு வந்திருந்தது. பேட்டரிப் பையைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்திருந்தாள். கொழுந்துக் கூடையைத் தலையில் சுமந்த கழுத்து, நடுங்கவில்லை. மற்றக் கையில் தட்டு.

"அதப் போட்டுட்டு ஏறு!" என்று கத்தினேன்.

"போட மாட்டேன்! இது இல்லாம வெளிய எப்படிப் போறது?"

அதுவும் சரிதான். பையையும் தட்டையும் முதலில் கயிற்றில் கட்டி அனுப்பினாள். அது மேலே வந்து சேரும் வரை அவள் கழுத்தளவுத் தண்ணீரில் கும்மிருட்டில் நின்றாள். மறுபடி கயிறு போட்டோம். அவளை இழுத்தபோது என் நெஞ்சு இரண்டாகப் பிளக்கும் போல இருந்தது. விளிம்பில் வந்து விழுந்ததும் தம்பியை ஓர் அறை அறைந்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள்.

திரும்புகிற வழியில் போஸ் ஜெயசீலனை முதுகில் சுமந்தான். தவமணி முன்னால் நடந்தாள். மூன்று எல்இடி, முழங்காலுக்குக் கீழே. அது போதுமாக இருந்தது.

வாசலில் சேறு பூசின உடையோடு தீயணைப்புக்காரர்கள் நின்றார்கள். கயிறு, ஸ்ட்ரெச்சர் எல்லாம் சுமந்து நடந்தே வந்திருந்தார்கள். புதரில் தொங்கின செருப்பை எண்ணிவிட்டு உள்ளே நுழையத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் எங்களைப் பார்த்ததும் சத்தம் போட்டார்.

"யாரு உங்கள உள்ள போகச் சொன்னது? நாலு பேரும் செத்திருந்தா?"

திட்ட வேண்டியதுதான். திட்டி முடித்துவிட்டுத் தட்டை வாங்கிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இட்லித் தட்டா இது?"

"ஆமாங்க சார்," என்றான் போஸ்.

"நடுவுல ஏன் எரியல?"

நான் சிரித்தேன். அன்றைக்கு முதல் தடவையாக.

ஜெயசீலனின் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். மழை விட்டுத் தண்ணீர் வடிந்த பிறகு தீயணைப்புக்காரர்களே ஏணி போட்டு அந்தப் பெட்டியை எடுத்து வந்தார்கள். லயமே கூடியது. பூட்டை உடைக்கும்போது போஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

உள்ளே மெழுகுவர்த்தி! கட்டுக் கட்டாக, ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பேறின மெழுகுவர்த்தி. ஒரு குண்டுமணித் தங்கம் கிடையாது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தத் துரைக்காவது தெரிந்திருக்கிறது, இருட்டுக்குள் போகிறவன் வெளிச்சத்தைத் தனியாகக் கொண்டு போக வேண்டும் என்று. அவன் பெட்டி நிறைய வைத்திருந்தான். இவன் சட்டைப் பையில் ஒரு போனை வைத்துக்கொண்டு போனான்.

ஜெயசீலன் கைத்தடியோடு தலை குனிந்து நின்றான். "தாலிக்கு என்ன பண்ணுவ?" என்று யாரோ கிண்டல் பண்ணினார்கள். அவன் கட்டிக்கொள்ளப் போகிற அமுதவல்லி கூட்டத்துக்குள் இருந்து பதில் சொன்னாள்.

"தாலி கடையில வாங்கிக்கலாம். குத்துவெளக்கு இந்த மெழுகுவத்தியிலதான் ஏத்தணும். அதுக்குத்தானே உசுர விடப் பாத்தாரு."

அப்படியே ஏற்றினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இத்தனை காலம் மலைக்குள் கிடந்தது எங்கே எரியப் போகிறது என்று நினைத்தேன். எரிந்தது. தீக்குச்சியை வைத்ததும் பிடித்துக்கொண்டது.

இப்போது பொடவு வாசலில் ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். செருப்பைக் கோத்து உயரத்தில் மாட்டச் சொல்லி. ஒற்றையாகக் கிடந்தாலும் நின்று குரல் கொடுக்கிறார்கள். அது நல்லது. அந்த ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு குழி டார்ச் லயத்துப் பொது வராந்தாவில் தொங்குகிறது. போஸ் அணைந்த மூன்றையும் சரி பண்ணிவிட்டான். யானை வந்தால் அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஜெயசீலன் அக்காவுக்குப் புதுத் தட்டு வாங்கிக் கொடுத்தான்.

போன வாரம் சாயங்காலம் போஸ் என்னைக் கூப்பிட்டான்.

"பெருசு, உனக்கும் ஒண்ணு செஞ்சு தரேன். சின்னதா, மூணு எல்இடி. டம்ளர் மூடி போதும். இந்த ரெண்டு கட்டையத் தூக்கிப் போடு."

"நடுக்குழி எரியுதா இப்ப?"

"அதுல பிடி மாட்டியிருக்கு பெருசு! எத்தன தடவ சொல்றது? அது எரியவே வேணாம்!"

"ஏழு குழி வெச்சுக்கிட்டு ஆறுதான் எரியும்னா அது முழு வெளிச்சம் இல்ல. எனக்கு வேணாம்."

வராந்தாவில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தவமணி, "பெரியப்பா, பனி எறங்குது, இத எடுத்துட்டுப் போங்க," என்று தட்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை. என் டார்ச்சை உள்ளங்கையில் இரண்டு அடி அடித்தேன். மஞ்சளாக எரிந்தது. அப்படியே நடந்தேன்.

வளைவில் மூட்டம் கனமாக இருந்தது. டார்ச்சை முழங்காலுக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டேன். கை வலித்தது, அதனால்தான்.